58-க்குப் பிறகு ஒரு விண்ணப்பம்

தமிழ்நாட்டின் ஆலைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் பணிபுரிவோர் பெரும்பாலும் 58 வயதில் பணி ஓய்வு பெறுகின்றனர். மாநில அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 59 ஆகவும் அடுத்த ஆண்டே 60 ஆகவும் உயர்த்திய பின்னரும் தனியார் துறையின் வழக்கம் பெரிதாக மாறிவிடவில்லை. மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவராக இருக்கும் நிலையில், ஓய்வுக்குப் பின்னும் மாதச் சம்பளம் தேவைப்படுவோரின் எண்ணிக்கை சிறியதன்று. மகளின் திருமணத்துக்கு வாங்கிய கடன், வீட்டுக் கடனின் கடைசித் தவணைகள், கணவருக்கோ மனைவிக்கோ ஆகும் மருத்துவச் செலவு என்று காரணங்கள் பலவாக இருந்தாலும், அவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது ஓய்வூதியத்தின் போதாமைதான். வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், குறைந்தபட்ச ஓய்வூதியமாக 2014-இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை மாதம் 1,000 ரூபாய். ஆகவே இந்த வயதில் வேலை தேடுவதைப் பொழுதுபோக்கு என்றோ சுறுசுறுப்பின் அடையாளம் என்றோ கருதுவது பலருடைய வாழ்க்கையை அறியாமல் பேசுவதாகும்.

இவர்களில் பெரும்பாலோர் கடைசியாக வேலை தேடியது 1980-களிலோ 1990-களிலோ இருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வது, நாளிதழ் விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு தட்டச்சு செய்த விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்புவது, தெரிந்தவர் மூலமாக முதலாளியை நேரில் பார்ப்பது என்பவையே அன்றைய வழிகளாக இருந்தன. விண்ணப்பத்தை ஏற்றாலும் நிராகரித்தாலும் அதைப் படித்தவர் ஒரு மனிதர். இன்றோ இரண்டு பொறிகள் அந்த வழியில் வந்து நிற்கின்றன. ஒன்று நிறுவனத்தின் பக்கம் இருந்து விண்ணப்பங்களைச் சலிக்கிறது. மற்றொன்று விண்ணப்பதாரரின் கைப்பேசியில் இருந்து, கேட்டால் எழுதித் தருகிறது. இரண்டுக்கும் செயற்கை நுண்ணறிவு என்ற ஒரே பெயர் வழங்கினாலும் இவற்றின் வேலை வேறு, இவற்றால் வரும் நன்மை தீமைகளும் வேறு என்பதால், தனித்தனியாகவே பார்க்க வேண்டியுள்ளது.

நிறுவனத்தின் பக்கம் உள்ள மென்பொருளை விண்ணப்பக் கண்காணிப்பு முறைமை என்று அழைக்கலாம். வேலை இணையதளங்கள் வழியாக வந்து சேரும் விண்ணப்பங்களைத் திறந்து, பெயர், கல்வி, பணிபுரிந்த இடங்கள், காலம், திறன்கள் என்று பிரித்து, ஒரு பட்டியலில் இட்டு, விளம்பரத்தில் கேட்கப்பட்டவற்றோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது இதன் பணி. இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்ட பக்கம், கட்டங்களுக்குள் அடைக்கப்பட்ட விவரம், படமாக ஒட்டப்பட்ட எழுத்து ஆகியவற்றை இத்தகைய மென்பொருள் தவறாகப் படித்துவிடக்கூடும் என்பதால், அலங்காரமில்லாத ஒற்றைப் பத்தி அமைப்பே பாதுகாப்பானது. தமிழில் விவரக் குறிப்பு வைத்திருக்கும் ஆசிரியர், அச்சகப் பணியாளர் போன்றோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு, கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது; அதை யூனிகோடுக்கு, அதாவது உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான குறியீட்டு முறைக்கு, மாற்றாதவரை எந்த மென்பொருளும் அதில் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடக் காணாது.

பழைய பயோடேட்டாவின் உள்ளடக்கமும் வேறு காலத்தைச் சேர்ந்தது. தந்தை பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, மதம், சில வேளைகளில் சாதியும்கூட இடம்பெற்று, மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழியோடு முடியும் அந்தத் தாளில், செய்த வேலையைப் பற்றி இரண்டு வரிகளுக்கு மேல் இருப்பதில்லை. இன்றைய நடைமுறையில் முதலில் சொன்னவை பெரும்பாலும் தேவையற்றவை; இரண்டு வரிகளில் முடிந்துபோனதுதான் தேவையானது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி எனப்படும் பிளஸ் டூ 1978-இல் தொடங்கியதால், விவரக் குறிப்பில் அதற்கு முந்தைய புகுமுக வகுப்பைக் குறிக்கும் பி.யு.சி. என்ற மூன்றெழுத்து இருந்தாலே எழுதியவர் அறுபதைக் கடந்தவர் என்பது பிறந்த தேதி இல்லாமலேயே தெரிந்துவிடும்.

இனி விண்ணப்பதாரரின் கையில் உள்ள கருவி. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. 2024-இல் கூகுளின் ஜெமினி செயலி தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளில் கிடைக்கத் தொடங்கியது. இவை பெருமொழி மாதிரி எனப்படும் வகையைச் சேர்ந்தவை: கோடிக்கணக்கான பக்கங்களில் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் முறையைக் கற்று, கேட்கப்பட்ட கேள்விக்கு அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கணித்து விடையை உருவாக்குகின்றன. தட்டச்சு தெரியாதவர்கூடத் தமிழில் பேசிப் பதில் பெறலாம் என்ற வசதி, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தயங்கிப் பிள்ளைகளின் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருந்த முதியவர்களுக்குக் கிடைத்த உண்மையான விடுதலை. ஆனால் கணித்து எழுதும் பொறிக்குத் தன்முன் இருப்பவரின் வாழ்க்கை தெரியாது. தெரியாத இடங்களை அது வெற்றிடமாக விடாமல், பொதுவாக அந்த இடத்தில் என்ன வருமோ அதை இட்டு நிரப்பிவிடும். இக்கருவியின் பயனும் ஆபத்தும் இந்த ஓர் இயல்பிலிருந்தே கிளைக்கின்றன.

பெரும்பாலோர் செய்வது, தம் பழைய பயோடேட்டாவையும் வேலை விளம்பரத்தையும் கொடுத்து, இதற்கு ஏற்ற விண்ணப்பம் எழுதித் தா என்று கேட்பது. சில நொடிகளில் வழவழப்பான ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்து விழும். அதில் விளம்பரத்தின் சொற்கள் அனைத்தும் இருக்கும், விண்ணப்பதாரர் மட்டும் இருக்கமாட்டார். இதைவிடப் பயனுள்ள வழி வேலையைத் தலைகீழாக்குவது: எதையும் எழுத வேண்டாம், இந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு, இந்தப் பணிக்குத் தேவையான அனுபவம் இருக்கிறதா என்று அறிய ஒவ்வொரு கேள்வியாகக் கேள், பதில் வந்த பிறகே அடுத்த கேள்விக்குப் போ என்று கருவிக்குக் கட்டளையிடுவது. முப்பது ஆண்டுக்கால உழைப்பை எழுத முடியாமல் போவதற்கு மொழித் தடையைவிடப் பெரிய காரணம், தினமும் செய்ததால் அது செய்தவருக்கே சாதாரணமாகிவிட்டதுதான். தொடர்ந்து கேள்வி கேட்கப்படும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. சலிக்காமல் கேட்பதற்கு இந்தப் பொறி பொருத்தமானது.

ஒரு கணக்கரை எடுத்துக்கொள்ளலாம். 1990-ஐ ஒட்டி வேலையில் சேர்ந்து மூன்று பதிற்றாண்டுகள் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் இருந்தவர், தம் விவரக் குறிப்பில் கணக்குகளைப் பராமரித்தல், வரித் தாக்கல் என்று எழுதியிருப்பார். விளம்பரமோ உள்ளீட்டு வரி வரவைச் சரிபார்த்து ஒத்திசைப்பதில் அனுபவம் கேட்கும். இது அவருக்குப் புதிதன்று. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டத்தின்கீழ் தொடங்கி, 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறி, 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டிக்கு மாறி, அந்த மாற்றத்தின்போது கையிருப்புச் சரக்கின் மீது ஏற்கெனவே செலுத்திய வரியை டிரான்-1 படிவத்தின் வழியாகப் புதிய முறைக்குக் கொண்டுவந்து, பின்னர் மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விற்றவர் பதிவேற்றாத பில்களுக்காகத் தொலைபேசியில் மன்றாடியவர் அவர். மூன்று வரி முறைகளைக் கடந்து வந்த இந்த அறிவு முப்பது வயது விண்ணப்பதாரரிடம் இருக்க வாய்ப்பில்லை. விளம்பரம் கேட்பதும் அவரிடம் இருப்பதும் ஒன்றே, பெயர்தான் வேறு. எத்தனை கிளைகள், மாதத்துக்கு எத்தனை பில்கள், துறையிலிருந்து நோட்டீஸ் வந்தபோது பதில் எழுதியது யார், டேலியில் பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாற்றியது யார் என்று கருவி கேட்டு, அவர் சொல்லி, அந்தப் பதில்களை இன்றைய விளம்பரத்தின் சொற்களில் மாற்றித் தரும்படி கேட்கும்போது உருவாகும் விண்ணப்பத்தில் பொய் ஒரு சொல்கூட இருக்காது. அதே வேளையில் சலிக்கும் மென்பொருளுக்கும் அது புரியும்.

கோயம்புத்தூர் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவருக்கும் இது பொருந்தும். ரிங் ஃபிரேம்கள் நிற்காமல் பார்த்துக்கொண்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிடுபவரிடம், எத்தனை ஃபிரேம்கள், எந்தக் கால இடைவெளியில் பழுது பார்க்கப்பட்டன, திடீரென நின்றபோது எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஓடின, புதிதாக வந்த ஃபிட்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் என்று கேட்டால், வேறொரு தொழிற்சாலை தடுப்புப் பராமரிப்பு என்ற பெயரில் தேடும் அனுபவம் அத்தனையும் வெளிவரும். திருப்பூரில் பின்னலாடைத் தரம் பார்த்தவர், தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி மேற்பார்வை செய்த செவிலியர், பள்ளியில் கால அட்டவணை போட்ட ஆசிரியர் ஆகிய அனைவரிடமும் இப்படிக் கேட்டால் மட்டுமே வெளிவரக்கூடிய திறன்கள் உள்ளன. கேள்விகள் தமிழில் வரட்டும், பதிலும் தமிழிலேயே இருக்கட்டும், கடைசி வடிவம் மட்டும் ஆங்கிலத்தில் அமையட்டும் என்று சொன்னால் போதும்.

அவ்வாறு உருவான வரைவையும் வரி வரியாகச் சரிபார்க்காமல் அனுப்பலாகாது. உற்பத்தித்திறனை 25 விழுக்காடு உயர்த்தினார் என்பது போன்ற எண்களைக் கருவி தானாகவே சேர்த்துவிடும். அத்தகைய வரிகள் விண்ணப்பங்களில் வழக்கமாக வருபவை என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது. இல்லாத சான்றிதழ், கையாளாத மென்பொருள், வகிக்காத பதவி ஆகியவையும் இப்படியே நுழையும். இளைஞர் ஒருவரின் மிகையை அனுபவமின்மை என்று பொறுத்துக்கொள்ளும் நேர்காணல் அறை, முதியவரின் மிகையைப் பொய் என்றே எடுத்துக்கொள்ளும். நாணயம் என்ற ஒன்றே அவருக்கு மற்றவரைவிடக் கூடுதலாக இருக்கும் மூலதனம் என்பதால், அதை ஒரு பொறியின் கற்பனைக்காக இழப்பது பேரிழப்பு. மொழிநடையிலும் கவனம் வேண்டும். அமெரிக்க விண்ணப்பங்களின் சாயலில் எழுதப்படும் ஆரவாரமான அடைமொழிகளை நீக்கி, எளிய ஆங்கிலத்தில் எழுதும்படி கேட்க வேண்டும். தாளில் உள்ள ஆங்கிலமும் நேரில் பேசப்படும் ஆங்கிலமும் இருவேறு மனிதர்களுடையவை போல ஒலித்தால் தாளில் உள்ளது எதுவும் நம்பப்படாது.

நேர்காணலுக்கான ஒத்திகையில் இக்கருவி சிறப்பாக உதவுகிறது. இளைய வயது மேலாளரின்கீழ் பணிபுரியச் சம்மதமா, கடைசியாக வாங்கிய சம்பளத்தைவிடக் குறைவாகக் கொடுத்தால் ஏற்பீர்களா, புதிய மென்பொருளைக் கற்றுக்கொள்ள முடியுமா, எத்தனை ஆண்டுகள் நீடிப்பீர்கள் என்ற கேள்விகள் இந்த வயதினரைத் தேடி வருபவை. குடும்பத்தாரிடம் இவற்றுக்குப் பதில் சொல்லிப் பழகுவது பலருக்குக் கூச்சம். கருவியிடம் கூச்சம் இல்லை, ஒரே பதிலைப் பத்து முறை சொன்னாலும் அது முகம் சுளிக்காது. ஆனால் இத்தகைய கருவிகளுக்குப் புகழும் பழக்கம் மிகுதி என்பதால், பதிலில் உள்ள குறைகளை மட்டும் சொல், நம்பத்தகாத இடத்தைச் சுட்டிக்காட்டு என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். நிறைவாக ஒரு முறையேனும் முன்னாள் சக ஊழியர் ஒருவர் முன் அமர்ந்து பேசிப் பார்ப்பது நல்லது. குரலில் உள்ள தயக்கத்தையும் முகத்தில் உள்ள களைப்பையும் மனிதரே கண்டு சொல்வார்.

விண்ணப்பம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதைப் பெறும் பொறி வயதைக் காரணமாகக் கொண்டு நிராகரிக்கக்கூடுமா என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை தரும் வழக்குகள் அமெரிக்காவில் நடந்துள்ளன. காரணம், 40 வயதைக் கடந்தோரை வேலையில் பாகுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1967 முதல் இருக்கிறது. சீன மாணவர்களுக்கு இணையவழியில் ஆங்கிலம் கற்பித்து வந்த ஐடியூட்டர் குரூப் என்ற நிறுவனத்தின் மீது அந்நாட்டின் சமவாய்ப்பு ஆணையம் 2022-இல் வழக்குத் தொடுத்தது. 55 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களையும், 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களையும் தானாகவே நிராகரிக்கும்படி அந்நிறுவனத்தின் மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. ஒரே விண்ணப்பத்தை, பிறந்த தேதியை மட்டும் இளையவராகத் தோன்றும்படி மாற்றி மீண்டும் அனுப்பிய ஒருவருக்கு நேர்காணல் வாய்ப்பு வந்ததிலிருந்து இது வெளிப்பட்டது. 2023-இல் 3,65,000 டாலர் கொடுக்க நிறுவனம் உடன்பட்டு வழக்கு முடிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மென்பொருள் நுட்பமான நுண்ணறிவு எதையும் பயன்படுத்தவில்லை என்பது. மனிதர் ஒருவர் எழுதிவைத்த ஒற்றை விதிதான் இருநூறுக்கும் மேற்பட்டோரை வாசலிலேயே நிறுத்தியது என்று ஆணையம் கூறியது.

இதைவிடச் சிக்கலானது, பல நிறுவனங்களுக்கு ஆள்சேர்ப்பு மென்பொருள் வழங்கும் வொர்க்டே மீது 2023-இல் தொடுக்கப்பட்ட வழக்கு. விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும் அதன் முறை வயது முதிர்ந்தோருக்குப் பாதகமாக அமைகிறது என்று வாதி கூற, நிறுவனம் அதை மறுத்துவருகிறது. 40 வயதைக் கடந்த விண்ணப்பதாரர்கள் கூட்டாக இவ்வழக்கில் சேர 2025 மே மாதம் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் முதற்கட்ட அனுமதி அளித்தது. இத்தகைய வழக்கில் யாரும் வயதைப் பற்றி விதி எழுதியிருக்க வேண்டியதில்லை. கடந்த காலத்தில் யார் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதிலிருந்து கற்கும் பொறி, கல்லூரியை முடித்த ஆண்டு, பணி இடைவெளி, பழைய மென்பொருளின் பெயர் போன்றவற்றை வயதின் நிழலாகப் பிடித்துக்கொண்டு, கடந்த காலத்தின் பாரபட்சத்தையே திரும்பச் செய்ய முடியும்.

இதில் மூத்த பெண்களின் நிலை மேலும் கடினமானது. டேவிட் நியூமார்க் முதலான பொருளியலாளர்கள் 40,000-க்கும் மேற்பட்ட மாதிரி விண்ணப்பங்களை அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பி நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு வயதை நெருங்கும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டுக்கே வலுவான சான்று கிடைத்தது. 2025-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, சாட்ஜிபிடியிடம் பல தொழில்களுக்கு விவரக் குறிப்புகள் எழுதச் சொன்னபோது, பெண் பெயர் கொண்டவர்களை ஆண்களைவிட இளையவர்களாகவும் அனுபவம் குறைந்தவர்களாகவும் அது புனைந்ததைக் காட்டியது. எழுதித் தரும் கருவியும் பாரபட்சத்திலிருந்து விலகியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்ளவோ பேரக்குழந்தையை வளர்க்கவோ வேலையை விட்ட பெண்ணின் பணி இடைவெளியை மறைக்காமல், ஆண்டையும் காரணத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடுவது, சலிக்கும் பொறிக்குப் பின்னால் இருக்கும் மனிதருக்காவது விளங்க உதவும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆள்சேர்ப்பில் பயன்படும் மென்பொருளை உயர் அபாயப் பிரிவில் வைத்துள்ளது. நியூயார்க் நகரம் 2023 முதல் இத்தகைய மென்பொருளை ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கைக்கு உட்படுத்தக் கட்டாயமாக்கியது; ஆயினும் அந்தத் தணிக்கை பாலினத்தையும் இனத்தையும் மட்டுமே பார்க்கிறது, வயதைப் பார்ப்பதில்லை. இந்தியாவில் தனியார் வேலைகளில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுச் சட்டமே கிடையாது. அரசுப் பணிகளில் பாகுபாட்டைத் தடை செய்யும் அரசியலமைப்பின் 16-ஆம் உறுப்பு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் போன்றவற்றைச் சொல்கிறதே தவிர வயதைச் சொல்லவில்லை. 35 வயதுக்குட்பட்டோர் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடிகிற நாட்டில், மென்பொருள் ரகசியமாகச் செய்வதை யாரும் விசாரிக்கப்போவதில்லை. இது மாற வேண்டிய நிலை. மாறும்வரை, நிராகரிப்புக்கான காரணத்தைத் தம் தகுதிக் குறைவாக மட்டுமே எண்ணி முதியவர்கள் மனம் தளர்வதற்கு நியாயமில்லை.

வயதை மறைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் நேரடியானது. பள்ளிப் படிப்பு முடித்த ஆண்டை விட்டுவிடுவதும், கடைசிப் பதினைந்து ஆண்டுப் பணியை மட்டும் விரிவாக எழுதுவதும் தேர்வு. பிறந்த ஆண்டை மாற்றி எழுதுவது பொய், ஆதார் அட்டை கேட்கப்படும் நாளில் அது வெளிப்பட்டே தீரும். அந்த ஆதார் எண்ணையோ, பான் எண்ணையோ, வங்கி விவரத்தையோ, பழைய நிறுவனத்தின் உள் ஆவணங்களையோ உரையாடல் கருவிக்குள் இடுவதற்கு எந்தத் தேவையும் இல்லை.

மோசடியாளர்களிடமும் இதே கருவிகள் இருக்கின்றன என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓய்வுப் பணம் கையில் இருக்கும் வயதினர் அவர்களுக்கு விருப்பமான இலக்கு. பிழை மலிந்த ஆங்கிலம் இருந்தால் போலிக் கடிதம் என்று அடையாளம் காண முடிந்த காலம் போய்விட்டது. இன்று போலிப் பணி நியமனக் கடிதம் உண்மையானதைவிடத் திருத்தமாக இருக்கும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறார்களோ அவ்வளவுக்குப் பணப் பரிமாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு கூடும்.

மத்திய அரசு 2021 அக்டோபர் 1 அன்று மூத்த குடிமக்களின் வேலைவாய்ப்புக்கெனத் தொடங்கிய சேக்ரட் இணையதளம் போன்ற ஏற்பாடுகள் இருந்தபோதிலும், இந்த வயதில் கிடைக்கும் வேலைகளில் பல எந்தத் தளத்திலும் விளம்பரம் ஆவதில்லை. பழைய வாடிக்கையாளரின் சிறு நிறுவனம், தணிக்கையாளர் அலுவலகம், முன்னாள் மாணவர் நடத்தும் பயிற்சி மையம் ஆகிய இடங்களில் சலிக்கும் பொறி இல்லை. ஆளைத் தெரிந்தவர் இருக்கிறார். அவருக்கு எழுதும் நான்கு வரிகளைக் கருவியிடம் எழுதி வாங்கக் கூடாது. முன்னாள் சக ஊழியர்களில் யார் யாரை அணுகலாம் என்று பட்டியல் போட அதன் உதவியைப் பெறலாம். கடிதம் எழுதுபவரின் சொந்தச் சொற்களில்தான் இருக்க வேண்டும், முடிந்தால் தொலைபேசியில் அவருடைய குரலிலேயே இருக்க வேண்டும்.

இவ்வாறு வரும் வேலை பெரும்பாலும் கன்சல்டன்ட் என்ற பெயரில் வரும். அதன் பொருள், சம்பளத்துக்குப் பதிலாகக் கட்டணம். அதாவது வருங்கால வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, சம்பளத்துடன் கூடிய விடுப்பு இல்லை, கட்டணத்தில் வருமான வரிப் பிடித்தம் உண்டு. பெயர், முகவரி, தொகை ஆகியவற்றை அழித்துவிட்டு ஒப்பந்தத்தின் வாசகத்தை மட்டும் கருவியிடம் கொடுத்து, ஒவ்வொரு பிரிவும் என்ன சொல்கிறது என்று எளிய தமிழில் விளக்கச் சொல்லலாம். எந்தப் பிரிவில் ஒரு தரப்பு மட்டும் முன்னறிவிப்பின்றி விலக முடிகிறது, கட்டணம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறதா, வேலை நேரம் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று கேட்கலாம். ஓய்வூதியம் பெற்றுக்கொண்டே மீண்டும் முழுநேர ஊழியராகச் சேர்பவரின் வைப்பு நிதி விதிகள் நுணுக்கமானவை. அங்கே கருவியின் பதில் பழையதாகவோ தவறாகவோ இருக்கலாம் என்பதால், அருகிலுள்ள பிஎஃப் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.